சுரங்கம் வரும் முன் கிணற்றை அளப்பது: நிலத்தடி நீர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் பகுதியில் பழுப்பு நிலக்கரி எடுக்கப் போவதாகப் பேச்சு. கிணறுகள் வற்றுமா?

பதில்: நெய்வேலியைப் பாருங்கள். கரிப் படுகைக்குக் கீழே மணற்பாறையில் அடைபட்ட நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்துகிறது. மேல்மண்ணை அகற்றினால் சுரங்கத் தரையையே பிளந்துவிடும். அதனால் இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். அதே நீர்த்தாங்கியில், அதாவது நீரைத் தேக்கி வைத்திருக்கும் நிலத்தடி அடுக்கில், போர் போட்டிருக்கும் சுற்றுப்புற ஊர்களிலும் மட்டம் இறங்கும். எவ்வளவு என்று காட்ட, இறைப்பு தொடங்கும் முன்பே எடுத்த அளவு வேண்டும்.

கேள்வி: நாங்களே அளக்கலாமா?

பதில்: தாராளமாக. குழாய் வாயில் ஒரு புள்ளியைப் பெயின்டால் குறியுங்கள். எப்போதும் அங்கிருந்தே அளக்க வேண்டும். முந்தைய இரவே மோட்டாரை நிறுத்திவிடுங்கள். எஃகு டேப்பின் நுனியில் சாக்பீஸ் தேய்த்து இறக்கினால் நனைந்த இடம் பளிச்சென்று தெரியும். குறியில் பிடித்த அளவிலிருந்து நனைந்த நீளத்தைக் கழியுங்கள். திறந்த கிணறும் ஆழ்குழாயும் வெவ்வேறு நீர்த்தாங்கிகளாக இருக்கலாம், தனித்தனியே எழுதுங்கள்.

கேள்வி: ஒரு பருவ அளவு போதும் என்கிறார்களே?

பதில்: சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத் தரவு ஏற்கப்படுகிறது. சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பத்துக்கு அது போதும், உங்கள் கிணற்றுக்குப் போதாது. வடகிழக்குப் பருவமழையில் எவ்வளவு ஏறுகிறது என்று தெரியாமல் கோடை இறக்கத்தை எதனோடு ஒப்பிடுவீர்கள்? குறைந்தது ஒரு முழு ஆண்டு.

கேள்வி: கோடையில் மட்டும் அளந்தால்?

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நீரில் எதைச் சோதிப்பது?

பதில்: அமிலத்தன்மை, கரைந்த உப்பைக் காட்டும் மின் கடத்துதிறன், இரும்பு, மாங்கனீசு, எல்லாவற்றுக்கும் மேலாக சல்பேட். கரியோடு இருக்கும் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலமாகிறது. மண்ணின் சுண்ணாம்பு அந்த அமிலத்தை அடக்கிவிட்டாலும் சல்பேட் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: எந்த மோட்டார் வாங்கலாம்?

பதில்: மோட்டார் கடையில் கேளுங்கள்.

கேள்வி: நீர்மட்டம் இறங்கக் காரணம் விவசாயிகளின் போர்கள்தான். சுரங்கத்தின் மேல் பழி போடுவது நியாயமா?

பதில்: விவசாய இறைப்புக்கும் பங்கு உண்டு. அதைப் பிரித்தறியத்தான் தொலைவில், சுரங்கத்தின் தாக்கம் எட்டாத இடத்தில், அதே நீர்த்தாங்கியில் ஒரு ஒப்பீட்டுக் கிணறு வேண்டும் என்கிறேன். மழையும் சாகுபடியும் ஒத்திருக்கும் இரு கிணறுகளில் ஒன்று மட்டும் மழைக்குப் பிறகும் மீளாவிட்டால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

கேள்வி: அப்படியானால் போர்களின் கணக்கையும் வெளியிடுவீர்களா?

பதில்: வெளியிட வேண்டும். எத்தனை குதிரைத்திறன், நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். மறைத்தால் உங்கள் தரவையே யாரும் நம்ப மாட்டார்கள். சுரங்கமும் தன் தினசரி இறைப்பை வெளியிடட்டும்.

கேள்வி: 2023இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரிப் பகுதிகளையும் சுரங்க ஏலத்திலிருந்து நீக்கிவிட்டார்களே, இனி எதற்கு அளப்பது?

பதில்: யாரும் இறைக்காத காலம்தான் அளக்க ஏற்ற காலம். இந்த மழைக்கு முன்பே தொடங்குங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் சுரங்க இறைப்பு தொடங்கிவிட்டது. இப்போது எடுத்தால் முன்நிலை அளவாகுமா?

பதில்: ஆகாது. இருந்தாலும் அளந்து வையுங்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் மாநில நீர்வளத் துறைக்கும் கண்காணிப்புக் கிணறுகள் உண்டு. உங்கள் ஊருக்கு அருகே உள்ளவற்றின் பழைய அளவுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள்.