நாடகம் என்றொரு சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தம்பிக்கு வயது 24. காலையில் வீடே அதிரச் சிரிப்பான். மாலையில் ஒரு சிறு சொல்லுக்காக அறையைத் தாழிட்டுக்கொண்டு, 'நான் இருந்து என்ன பயன்' என்பான். மறுநாள் எதுவுமே நடக்காததுபோல் இருப்பான். 'இதெல்லாம் நாடகம், சொல்கிறவன் செய்யமாட்டான்' என்கிறார் அப்பா. உணர்ச்சிகள் இப்படி நிலையற்றிருப்பதற்கும் தற்கொலைக்கும் தொடர்பு உண்டா? அலைபேசிதான் காரணமா?

வி.

அன்புள்ள வி.,

தொடர்பு உண்டு. அலைபேசியை விடுங்கள், வீட்டில் எல்லாப் பழியையும் சுமக்க அது ஒன்று வாய்த்திருக்கிறது. உங்கள் கடிதத்தில் என்னைத் தைத்தது 'நாடகம்' என்ற சொல். நானும் அதைச் சொன்னவன்.

கல்லூரி விடுதியில் பக்கத்து அறை நண்பன் ஒரு நள்ளிரவில் என் வாசலில் வந்து நின்றான். உள்ளே வராமல், கதவின் தாழ்ப்பாளை மேலும் கீழும் தள்ளியபடி, 'இனி முடியாது போலிருக்கிறது' என்றான். எனக்கு மறுநாள் தேர்வு. காலையில் பேசலாம் என்று அனுப்பிவிட்டேன். காலையில் அவன் படிக்கட்டில் உட்கார்ந்து, சீட்டியடித்தபடி காலணியைத் துடைத்துக்கொண்டிருந்தான். 'ராத்திரி நல்ல நாடகம்' என்றேன். சிரித்தான். அதன்பின் என்னிடம் எதையுமே சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து அவனை மருத்துவமனையில்தான் பார்த்தேன். பிழைத்துக்கொண்டான்.

காலையில் சிரித்தவன் மாலையில் பொய்யாகவா அழுவான்? உங்கள் அப்பாவிடம் இதைக் கேளுங்கள். இத்தகைய மனத்தில் சிரிப்பும் முழுமையாக வருகிறது, துயரமும் முழுமையாக வருகிறது. துயரம் உச்சத்தில் இருக்கும்போது காலையின் சிரிப்பு நினைவில்கூட எஞ்சுவதில்லை என்பதால், அந்த ஒரு மணிநேரமே அவனுக்கு முழு வாழ்க்கையாகத் தோன்றிவிடுகிறது. 13 முதல் 34 வயதுக்குள், தற்கொலைக்கு முயன்று உயிர்தப்பியவர்களிடம் நடத்தி 2001இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வொன்றில், ஏறத்தாழ நான்கில் ஒருவர், முடிவெடுத்ததற்கும் முயன்றதற்கும் இடையே ஐந்து நிமிடம்கூட இல்லை என்று சொல்லியிருந்தனர். மாறிக்கொண்டே இருக்கும் மனம் ஆபத்தானது என்பது இதனால்தான். அது மாறிவிடும் என்பதே நமக்குக் கிடைக்கும் அவகாசமும்கூட.

உணர்ச்சி ஊசலாட்டத்தை முக்கிய அடையாளமாகக் கொண்ட எல்லைநிலை ஆளுமைக் கோளாறு என்று ஒன்று உண்டு. அந்தப் பெயரை உங்கள் தம்பிக்கு நீங்களே சூட்டிவிடாதீர்கள். இருதுருவ மனநோயாகவோ வேறொன்றாகவோ இருக்கலாம், அதைச் சொல்லவேண்டியவர் மனநல மருத்துவர். ஆனால் அந்த எல்லைநிலைக் கோளாறுக்கு அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் வகுத்த சிகிச்சை பலரின் தற்கொலை முயற்சிகளைக் குறைத்திருக்கிறது. பதின்ம வயதில் மனநல மருத்துவமனையில் அடைபட்டிருந்தவர் தாம் என்பதை 2011இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். அவரையும் யாரோ நாடகக்காரி என்றிருப்பார்கள்.

இந்த வாரமே அவனை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 'சாகவேண்டும் என்று தோன்றுகிறதா' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், உயிருக்கு ஆபத்தான எதையும் அவன் கைக்கு எட்டாமல் வையுங்கள், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அந்த இரவில் என்னிடம் என்னதான் எதிர்பார்த்தாய் என்று பல ஆண்டுகள் கழித்து நண்பனிடம் கேட்டேன். 'கட்டில் ஓரத்தில் கொஞ்சநேரம் உட்கார விட்டிருந்தால் போதும். நீ பாட்டுக்குப் படித்துக்கொண்டு இருந்திருக்கலாம்' என்றான்.