உள்நுழைவுத் திரையில் வார்த்தை மாறினால் வைரஸ் என்று பொருளா?

கானாடுகாத்தானிலிருந்து ஆச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். சிங்கப்பூரிலுள்ள மகன் வாங்கிக் கொடுத்த விண்டோஸ் மடிக்கணினியைத் திறக்கையில், ஒரு நாள் ‘கடவுச்சொல் தவறு’ என்றும் மறுநாள் ‘பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் தவறு’ என்றும் ஆங்கிலத்தில் வருகிறதாம். உள்ளே போனால் தமிழ். அதிலும் ஓரிடத்தில் ‘உள்நுழை’, வேறிடத்தில் ‘புகுபதிவு செய்’. பழுதுபார்ப்பவர் ஒருவர் இது வைரஸ்தான் என்று சொல்லி, ஃபார்மட் செய்ய 2,500 ரூபாய் கேட்டு, கடவுச்சொல்லையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, கணினியை நாளை கொண்டுவரச் சொல்லியிருக்கிறாராம்.

கொண்டுபோக வேண்டாம், ஆச்சி. நீங்கள் சொன்னவற்றில் வைரஸுக்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை.

திரையில் உங்கள் பெயரைத் தொட்டு உள்ளே போகும்போது கடவுச்சொல் மட்டுமே சரிபார்க்கப்படுவதால் செய்தியும் அதைப் பற்றி மட்டுமே பேசும். பெயரையும் நீங்களே தட்டச்சு செய்யும் இடத்தில், இரண்டில் எது தவறு என்று வேண்டுமென்றே சொல்லமாட்டார்கள்; சொன்னால், எந்தப் பெயரில் கணக்கு இருக்கிறது என்பதைத் திருடன் தெரிந்துகொள்வான்.

ஆங்கிலமும் தமிழும் கலந்து வருவதற்குக் காரணம், முதல் திரைக்கு மொழி அமைப்பு தனியாக இருப்பதே. உங்கள் கணக்குக்குத் தமிழைத் தேர்ந்தெடுத்தால் அது அந்தத் திரைக்குத் தானாகப் போய்ச் சேராது. ஒரே செயலுக்கு இரண்டு பெயர் இருப்பதோ விண்டோஸைத் தயாரிக்கும் மைக்ரோசாஃப்டின் அலட்சியம். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது ஆங்கிலத்திலேயே ‘லாக் ஆன்’ என்பதை ‘சைன் இன்’ என்று மாற்றினார்கள். ஆனால் உள்ளே பல பெட்டிகளில் பழைய சொல் இன்றும் கிடக்கிறது. பங்காளிகள் ஆளுக்கொரு பங்கை ஆளுக்கொரு வண்ணத்தில் பூசிய வலவு வீட்டைப் போலத்தான் அந்த மென்பொருளும் இருக்கிறது. மொழிபெயர்ப்பவருக்கும் முழுத் திரையைக் காட்டாமல் துண்டு துண்டாக வரிகளை அனுப்பினால் சொற்கள் எப்படி ஒன்றுபோல வரும்? இத்தனை பெரிய நிறுவனம் ஒரு சொற்பட்டியலை ஒழுங்காகக் கடைப்பிடிக்காததால், கிராமத்தில் தனியாக இருக்கும் ஒருவர் தூக்கமிழக்கிறார் என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்த அச்சத்தைத்தான் சிலர் காசாக்குகிறார்கள். ஃபார்மட் செய்தால் கணக்குகளும் பேரப்பிள்ளைகளின் படங்களும் அழிந்துபோகும். அதன் பிறகும் இதே சொற்கள் இதே முரண்பாட்டோடு திரும்ப வரும். வைரஸ் என்று சொல்பவரிடம், அதன் பெயரைத் திரையில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பழுதுபார்க்கக் கடவுச்சொல் தேவைப்பட்டால் நீங்களே தட்டச்சு செய்து கொடுங்கள். எழுதிக் கொடுக்கவே கூடாது.

பயப்பட வேண்டியது ஒன்று உண்டு. இணையம் பார்க்கையில் திரை முழுவதையும் மறைத்து, ‘உங்கள் கணினி பூட்டப்பட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று ஒரு செய்தி வரலாம். சில சமயம் பீப் ஒலியும் கேட்கும். எண்ணைக் கண்டாலே அது மோசடி என்று கொள்ளுங்கள், ஏனெனில் மைக்ரோசாஃப்ட் தன் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் தருவதில்லை. கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் டாஸ்க் மேனேஜரைத் தேர்ந்து, அதில் உலாவியை மூடுங்கள். முடியாவிட்டால் மடிக்கணினியின் பவர் பொத்தானை, அது அணையும் வரை அழுத்திப் பிடியுங்கள். அழைத்துவிட்டீர்களென்றால், தொலைவிலிருந்தே உங்கள் கணினியை இயக்க அவர்கள் நிறுவச் சொல்லும் எனிடெஸ்க் போன்ற செயலியை நிறுவாதீர்கள். நிறுவிவிட்டால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்கும் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் அந்த நிமிடமே சொல்லுங்கள்.

சீட்டில் எழுதிக் கொடுத்த கடவுச்சொல்லை இன்றே மாற்றிவிடுங்கள்: அமைப்புகள், கணக்குகள், உள்நுழைவு விருப்பங்கள் என்ற வரிசையில் போனால் அதற்கான இடம் கிடைக்கும். அதே சொல்லை மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தால் அங்கேயும் மாற்றுங்கள்.