செப்டம்பர் 30-க்குள் எலும்பு கூடுமா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பையனுக்கு 20 வயது, ரோடியோவில் காளைச் சவாரி செய்கிறான். ஜூன் கடைசியில் கீழே விழுந்து காறை எலும்பு முறிந்து, பிளேட் வைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் பிறந்ததும் மறுபடி ஏறுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அவன் அம்மா என்னிடம் வந்து புலம்புகிறார். நான் ஜல்லிக்கட்டு பார்த்து வளர்ந்தவள்தான், ஆனாலும் இந்த அவசரம் எனக்குப் புரியவில்லை. கொஞ்ச நாள் ஓய்வெடுத்தால் என்ன குடியா முழுகிவிடும்?

பதில்: முழுகாதுதான். ஆனால் அவன் போட்டிருக்கும் கணக்கு தெரியாமல் "ஓய்வெடு தம்பி" என்று சொன்னால் காதில் ஏறாது.

அமெரிக்கத் தொழில்முறை ரோடியோவில் சம்பளம் என்று ஒன்று கிடையாது. கைக்காசைப் போட்டு நுழைவுக் கட்டணம் கட்டி, சொந்தச் செலவில் ஊர் ஊராக வண்டி ஓட்டிப் போய், எட்டு வினாடி காளை மேல் தாக்குப்பிடித்து, அதிலும் மற்றவர்களைவிட நல்ல புள்ளி வாங்கினால்தான் காசு. அந்தக் காசுதான் தரவரிசையும். அக்டோபர் 1 முதல் செப்டம்பர் 30 வரை யார் அதிகம் சம்பாதித்தார்கள் என்று பார்த்து, ஒவ்வொரு பிரிவிலும் முதல் 15 பேரை டிசம்பரில் லாஸ் வேகாஸில் நடக்கும் தேசிய இறுதிப் போட்டிக்கு எடுப்பார்கள். அங்கே மொத்தம் 10 சுற்று, ஒரு சுற்றை ஜெயித்தாலே இப்போதெல்லாம் 30,000 டாலருக்கு மேல் கிடைக்கும். பதினாறாவது ஆள் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்க வேண்டியதுதான்.

இவன் விழுந்த நேரமும் சரியில்லை. ஜூலை 4-ஐ ஒட்டிய நாட்களை அங்கே 'கவ்பாய் கிறிஸ்துமஸ்' என்பார்கள். ஒரே நேரத்தில் ஏகப்பட்ட ரோடியோ, ஏகப்பட்ட பரிசு. சாயங்காலம் ஓர் ஊரில் ஏறி இறங்கிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த மாநிலத்துக்கு வண்டியை விடுவார்கள். அந்த நாட்களைப் படுக்கையில் கழித்தவனுக்கு ஆகஸ்ட் பிறந்தால் கை அரிக்கத்தான் செய்யும், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது எலும்புக்கு வருவோம். காறை எலும்பு கூட சாதாரணமாக 6 முதல் 12 வாரம் ஆகும். பிளேட் வைத்தால் வலி சீக்கிரம் குறையும், கையும் சீக்கிரம் தூக்க வரும், அதனால் ஆறிவிட்டது என்று தோன்றும். பிளேட் எலும்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதன் ஓரத்தில் மறுபடி முறியலாம், பிளேட்டே வளையலாம். எந்தப் பக்கம் முறிந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அது முக்கியம். கயிறு பிடிக்கும் பக்கம் என்றால், அந்தக் கையைக் காளையின் முதுகோடு சேர்த்துக் கயிற்றைச் சுற்றி இறுக்கி, விரல்களைக் குத்தி மூடிக்கொண்டுதான் கதவைத் திறக்கச் சொல்வான். காளை துள்ளும் ஒவ்வொரு இழுப்பும் கையிலிருந்து இந்த எலும்பு வழியாகத்தான் மார்புக்கு வரும். மறுபக்கம் என்றாலும் நிம்மதியில்லை. அந்தக் கை காளையையோ தன் உடம்பையோ தொட்டால் புள்ளியே கிடையாது என்பதால், அதைக் காற்றில் வீசித்தான் சமநிலை பார்க்க வேண்டும். அதோடு, எட்டு வினாடி முழுசாக இருந்தாலும் கடைசியில் கீழே விழுந்துதான் ஆக வேண்டும். விழும்போது எந்தத் தோளில் விழுவது என்று காளையிடம் கேட்டுக்கொள்ளவா முடியும்?

ஆகவே ஆகஸ்ட் முதல் வாரம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருக்க வேண்டும், முறிந்த பக்கத்துக்கு மறுபக்கத்தின் பலம் வந்திருக்க வேண்டும். அப்புறம் தரையிலும், காளைக்குப் பதிலாகத் தொங்கவிட்ட டிரம்மிலும் பயிற்சி, அப்புறம் சாதுவான காளை, அதற்கும் அப்புறம்தான் போட்டி. தேதியைச் சொல்ல வேண்டியவர் அவனுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர், நானும் இல்லை, அவனும் இல்லை.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். "போகாதே" என்பதற்குப் பதில் "இப்போது எத்தனையாவது இடத்தில் இருக்கிறாய்?" என்று கேட்கட்டும். 12-வது இடத்தில் இருந்தால் அவன் தவிப்பில் நியாயம் இருக்கிறது, டாக்டரோடு உட்கார்ந்து செப்டம்பரில் ஒரு சில பெரிய ரோடியோவை மட்டும் பார்க்கலாம். 50-வது இடம் என்றால், அரைகுறைத் தோளோடு இரண்டு மாதம் அலைந்து 15-க்குள் வருவது நடக்காத காரியம். அக்டோபர் 1 அன்று எல்லோர் கணக்கும் மறுபடி பூஜ்யம். குளிர்காலத்தில் உங்கள் டெக்சாஸிலேயே ஃபோர்ட் வொர்த், சான் அன்டோனியோ, ஹூஸ்டன் என்று பெரிய பணம் வரிசையாக நிற்கிறது. அதற்கு முழுத் தோளோடு போகட்டுமே.

கேள்வி: காயத்தால் வருஷக்கணக்கில் வெளியே இருந்துவிட்டுத் திரும்பி வந்து ஜெயித்தவர் உண்டா?

பதில்: அமெரிக்க ரோடியோ வீரர் டை மர்ரி. 1989-லிருந்து 1994 வரை தொடர்ந்து ஆறு வருஷம் ஆல்-அரவுண்ட், அதாவது பல பிரிவுகளையும் சேர்த்துப் பார்க்கும் உலக சாம்பியன். ஏழாவது பட்டம் வாங்கினால் தனிச் சாதனை என்ற நேரத்தில் முழங்கால்கள், அப்புறம் தோள்கள் என்று அறுவை சிகிச்சைக்கு மேல் சிகிச்சை, மூன்று சீசன் கையை விட்டுப் போனது. 1998-ல் வந்து அந்த ஏழாவதையும் வாங்கினார். மேலே சொன்ன பையனிடம் இவர் பெயரைச் சொல்லலாம், அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

கேள்வி: சம்பளமே இல்லை என்றால் ஆஸ்பத்திரி செலவுக்கு என்ன செய்வார்கள்?

பதில்: காப்பீடு இருந்தால் அது, இல்லாவிட்டால் குடும்பம், நண்பர்கள். காயம்பட்டு வருமானம் நின்றவர்களுக்கு உதவ ஜஸ்டின் கவ்பாய் கிரைசிஸ் ஃபண்ட் என்று ஒரு நிதி இருக்கிறது. அதே ஜஸ்டின் பெயரில் விளையாட்டு மருத்துவக் குழு ஒன்று பெரிய ரோடியோக்களுக்கு நேரிலேயே வந்து கட்டுப் போட்டு, பரிசோதித்து அனுப்பும்.

கேள்வி: ஹெல்மெட் போடாமல் தொப்பியோடு ஏறுகிறார்களே, சட்டம் எதுவும் இல்லையா?

பதில்: காளைச் சவாரிக்கென்றே இருக்கும் பிபிஆர் அமைப்பில், 1994 அக்டோபர் 15 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம். மூத்தவர்கள் தொப்பியோடே போகலாம் என்று விட்டுவிட்டார்கள். மார்புக் கவசம் வந்தது ஒரு சாவுக்குப் பிறகு. 1989 ஜூலையில் வயோமிங் மாநிலத்தின் ஷையன் ஊரில், 1987-ல் உலக சாம்பியனான லேன் ஃப்ராஸ்ட், சவாரியை முழுசாக முடித்து இறங்கிய பிறகு காளை முட்டி இறந்தார். வயது 25. அவருடைய நண்பர் கோடி லாம்பர்ட்தான் அதற்கப்புறம் கவசத்தை உருவாக்கினார். ஆனால் ஹெல்மெட் மண்டை ஓட்டையும் முகத்தையும்தான் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதை நிறுத்தாது. எலும்பு விஷயத்தில் பேரம் பேசினாலும் இதில் பேசவே கூடாது: தலையில் அடிபட்டு மயக்கம், வாந்தி, தலைவலி இருந்தால், அது முழுசாகத் தெளிவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் உயிரே போகலாம். எக்ஸ்ரேயில் இது தெரியாது, பையன் தானாக வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

கேள்வி: குலுக்கலில் வந்த காளை வேண்டாம் என்று ஒரு வீரர் சொல்லலாமா? கேவலமாகப் பார்க்க மாட்டார்களா?

பதில்: சொல்லலாம். 1995-ல் டஃப் ஹெட்மேன் முகத்தை பொடேஷியஸ் என்ற காளை நொறுக்கிவிட்டது. சில வாரத்தில் தேசிய இறுதிப் போட்டிக்கு லாஸ் வேகாஸ் போனால் குலுக்கலில் மறுபடி அதே காளை. கதவைத் திறந்து காளையை மட்டும் விட்டார், அவர் ஏறவில்லை. அந்தச் சுற்றில் அவருக்குப் புள்ளி இல்லை. மூன்று முறை காளைச் சவாரி உலக சாம்பியனான ஆளைப் பயந்தாங்கொள்ளி என்று யார் சொல்வது?