நிறுவன இணைப்புக்குப் பின் நீடிப்பதா, விலகுவதா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா,

தங்கள் மகன் நான்கரை ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் பணியாற்றும் சென்னை நிறுவனம் மும்பை நிறுவனம் ஒன்றுடன் இணையப் போவதையும், ஆட்குறைப்பு வருவதற்குள் தானாகவே விலகிவிடுவதுதான் மரியாதை என்று உறவினர்கள் சொல்வதையும் எழுதியிருந்தீர்கள். இப்போதைக்கு அவர் விலகக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

பணிக்கொடைச் சட்டம், 1972-க்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020-இன்படியும், தானாக ராஜினாமா செய்யும் நிரந்தர ஊழியர் பணிக்கொடை (கிராஜுவிட்டி) பெறப் பொதுவாக ஐந்து ஆண்டுத் தொடர் பணி வேண்டும். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 40,000 ரூபாய் என்றால், அதை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் பணியாற்றிய ஆண்டுகளாலும் பெருக்கும்போது, ஐந்து ஆண்டுக்குச் சுமார் 1,15,000 ரூபாய் வரும். இன்னும் சில மாதங்களில் கைக்கு வரக்கூடிய இந்த உரிமையை வெறும் வதந்திக்குப் பயந்து விட்டுக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதே காரணத்தால், நிறுவனம் கொடுக்கும் கடிதத்தை அவர் வரிவரியாகப் படிக்க வேண்டும். பணித்தொடர்ச்சி முறியாது, ஊதியமும் பிற நிபந்தனைகளும் குறையாது, பழைய பணிக்காலமும் கணக்கில் சேரும் என்ற மூன்றும் அதில் இருந்தால் கவலையில்லை. மாறாக, பழைய நிறுவனத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் புதிய நியமன ஆணை பெற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டால், பழைய பணிக்காலம் தொடரும் என்று எழுத்தில் வாங்காமல் கையெழுத்திடக் கூடாது. 'சேர்ந்த தேதி' என்ற இடத்தில் புதிய தேதி விழுந்துவிட்டால், பின்னால் அதைத் திருத்துவது பெரும்பாடு. நிறுவனங்கள் சட்டம், 2013-இன் 230 முதல் 232 வரையான பிரிவுகளின் கீழ் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதலுக்குப் போகும் இணைப்புத் திட்டங்களில் ஊழியர்களைப் பற்றி வழக்கமாக ஒரு தனிப் பத்தி இருக்கும். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமானால் அந்த ஆவணம் பொதுப் பார்வைக்கே கிடைக்கும். அதையும் அவர் தேடிப் படிக்கட்டும்.

சட்டப் பாதுகாப்பு இருந்தாலும், அவருடைய இருக்கை அப்படியே இருக்குமா என்பது வேறு கேள்வி. 2017 ஏப்ரல் 1 அன்று ஐந்து துணை வங்கிகள் பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைந்தபோது ஊழியர்கள் தாய் வங்கிக்கு மாறினார்கள். ஆனால் அருகருகே இருந்த கிளைகள் ஒன்றாக்கப்பட்டன, நிர்வாக அலுவலகங்கள் குறைந்தன, துணை வங்கி ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டமும் வந்தது. கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியுடன் இணைந்தபோதும் ஊழியர்களின் பணி தொடர்ந்தது. பொதுவாக, வாடிக்கையாளரோடு நேரடித் தொடர்புள்ள வேலைக்கு ஆபத்து குறைவு; இரு நிறுவனங்களிலும் இரட்டையாக இருக்கும் கணக்கு, மனிதவளம், நிர்வாகம் போன்ற பிரிவுகளில்தான் ஆட்கள் தேவைக்கு மிஞ்சியவர்களாவார்கள். தங்கள் மகன் இருப்பது கணக்குப் பிரிவு என்பதால், நம்பிக்கையோடு எச்சரிக்கையும் அவருக்குத் தேவை.

ஆகவே, இணைப்புக்குப் பின் யாரிடம் அறிக்கை தர வேண்டும், கணக்குப் பணி சென்னையில் நீடிக்குமா மும்பைக்குப் போகுமா, இரண்டில் எந்தக் கணக்கு மென்பொருள் தொடரும் என்ற கேள்விகளை அவர் மேலாளரிடம் பணிவாக, மின்னஞ்சலில் கேட்கட்டும். மென்பொருள் பற்றிய பதில் மிக முக்கியம். மும்பை நிறுவனத்தின் மென்பொருளே நிலைக்கும் என்று தெரிந்தால் அதை உடனே கற்கத் தொடங்குவது நல்லது, வேறு வேலை தேடும்போதும் அது உதவும். பெற்றோருக்கான மருத்துவக் காப்பீடு புதிய நிறுவனத்தில் தொடருமா என்பதையும் விசாரிக்கச் சொல்லுங்கள். தாங்கள் அதை நம்பிச் சிகிச்சை பெறுபவரானால், சம்பளத்துக்கு இணையாக எடைபோட வேண்டிய விஷயம் அது.

இணைப்பு நடைமுறைக்கு வந்து மூன்று நான்கு மாதங்கள் ஆகியும் அவருக்கென்று தெளிவான பொறுப்பு ஒதுக்கப்படவில்லை என்றாலோ, குடும்பத்தால் ஏற்க முடியாத இடமாற்றம் வந்தாலோ அவர் தாராளமாக வெளியேறலாம். வேறு வேலைக்கான விண்ணப்பங்களை இப்போதே அனுப்பத் தொடங்கட்டும். ராஜினாமாக் கடிதத்தை மட்டும் அடுத்த நிறுவனத்தின் நியமன ஆணை கையில் கிடைத்த பிறகு கொடுக்கட்டும். அதுவரை உறவினர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பைத் தாங்கள் ஏற்றுக்கொண்டால், அவர் இந்த வேலைகளை அமைதியாகச் செய்துமுடிப்பார்.