முதல் முறை ஆடப் போகும் கோல்ஃப் மைதானம்: வாசகர் கேள்வி – பதில்

கே: பெயர்பெற்ற மைதானம் ஒன்றில் முதல் தடவை ஆடப் போகிறேன். "இவ்வளவு தூரம் போய்விட்டு முன் டீயிலிருந்து ஆடுவதா?" என்று கூட வருபவர்கள் கேலி செய்கிறார்கள். எந்த டீ (குழியின் முதல் அடியை அடிக்கும் இடம்) எனக்குச் சரி?

ப: கூட வருபவர்களை விடுங்கள், உங்கள் 5-அயர்ன் கிளப்பைக் கேளுங்கள். அதில் சராசரியாக எவ்வளவு தூரம் போகிறதோ அதை 36-ஆல் பெருக்குங்கள். 150 யார்டு போனால் 5,400 யார்டு. மொத்த நீளம் அதை ஒட்டி இருக்கும் டீதான் உங்களுடையது. ஆண்டுக்கு ஒரு முறை பின்காற்றில் பறந்த அடியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

காரணம் எளிது. 6,900 யார்டு நீளத்தில் பார்-4 குழிகள் (நான்கு அடியில் முடிக்க வேண்டியவை) பல 430 யார்டு இருக்கும். ட்ரைவரில் (மிக நீண்ட தூரக் கிளப்) 200 யார்டு போகிறவருக்கு இன்னும் 230 மீதி. 7-அயர்ன் போன்ற குறைதூரக் கிளப்பில் வரும் பந்தை ஏந்திக்கொள்வதற்காக அமைத்த கிரீனுக்கு (கொடி நிற்கும், ஒட்ட வெட்டிய புல்பரப்பு) அவர் ஃபேர்வே வுட் என்னும் நீள்தூரக் கிளப்பில் அடிக்க வேண்டிவரும். முன்னால் இருக்கும் பங்கர் (மணல் பள்ளம்), கிரீனின் சாய்வு, வடிவமைப்பாளர் யோசித்து வைத்த இடது வலது எதுவுமே அவர் ஆட்டத்துக்குள் வராது. எந்த மைதானத்தைப் பார்க்கப் போனாரோ அதைப் பார்க்காமலே திரும்புவார். நியூயார்க்கின் பெத்பேஜ் பிளாக் மைதானத்தில் முதல் டீக்கு அருகிலேயே, இது மிகக் கடினமான மைதானம், கைதேர்ந்தவர்களுக்கே பரிந்துரைக்கிறோம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். படம் எடுத்துக்கொள்ளத்தான் அது உதவுகிறது, யாரும் முன் டீக்கு நகர்வதாகத் தெரியவில்லை.

டீயின் நிறத்தை நம்பாதீர்கள். ஓரிடத்தில் வெள்ளை 6,100 யார்டு, இன்னோரிடத்தில் 6,600. ஸ்கோர் கார்டில் உள்ள நீளத்தை மட்டும் பாருங்கள்.

கே: என் ஹேண்டிகேப் (திறமைக்கு ஏற்பக் கிடைக்கும் சலுகை அடிகள்) 20. புது மைதானத்திலும் அதே 20 தானா?

ப: இல்லை. 2020 முதல் நடைமுறையில் உள்ள உலக ஹேண்டிகேப் முறையில் 20 என்பது உங்கள் இன்டெக்ஸ், அதாவது பொதுவான எண். அந்த மைதானத்துக்கு, அதுவும் அந்த டீக்கு உரிய எண்ணைத் தனியாகக் கணக்கிட வேண்டும். இன்டெக்ஸை ஸ்லோப் எண்ணால் பெருக்கி, 113-ஆல் வகுத்து, கோர்ஸ் ரேட்டிங்குக்கும் (தேர்ந்த ஆட்டக்காரர் எடுக்கக்கூடிய அடிகள்) பாருக்கும் (மைதானத்துக்கு வகுத்த மொத்த அடிகள்) உள்ள வித்தியாசத்தைக் கூட்டுங்கள்.

பின் டீயில் ஸ்லோப் 135, ரேட்டிங் 73.5, பார் 72 என்று வைத்துக்கொள்வோம். 20 × 135 ÷ 113 = 23.9. அதோடு 1.5 சேர்த்தால் 25.4, அதாவது 25. அதே மைதானத்தின் முன் டீயில் ஸ்லோப் 120, ரேட்டிங் 70.2 என்றால் 21.2-இலிருந்து 1.8 குறைந்து 19. ஒரே ஆள், ஒரே மைதானம், ஆறு சலுகை அடிகள் வித்தியாசம். வெவ்வேறு டீயிலிருந்து ஆடும் நண்பர்களுக்குள் பந்தயம் என்றால் இந்தக் கணக்கை முதல் டீக்கு முன்பே முடித்துவிடுவது நட்புக்கு நல்லது.

ஸ்லோப் 55-இலிருந்து 155 வரை போகும். எண் பெரிதாக இருந்தால் எல்லோருக்கும் கடினம் என்று பொருள் கொள்ளக் கூடாது. தேர்ந்த ஆட்டக்காரரைவிடச் சுமாராக ஆடுபவரை அந்த மைதானம் எவ்வளவு கூடுதலாக வாட்டும் என்பதைத்தான் அது சொல்கிறது.

கே: வழக்கமான மைதானத்தில் தூரம் சரியாக வருகிறது. புது இடத்தில் பந்து எப்போதும் கிரீனுக்கு முன்னாலேயே விழுகிறது. கிளப்பை வீசும் சுழற்சியில் கோளாறா?

ப: சுழற்சியைத் தொடுவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

தூரம் மீட்டரிலா, யார்டிலா? ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் மீட்டர்தான். 150 மீட்டர் என்பது 164 யார்டு. அங்கேயே ஒரு கிளப்புக்கு மேல் (அடுத்தடுத்த இரு கிளப்புகளின் தூர வித்தியாசம்) போய்விடும். அடுத்து, தூரக் கம்பங்கள் கிரீனின் நடுவுக்கா, முன் விளிம்புக்கா என்று முதல் டீயில் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டரிடம் கேளுங்கள். இரண்டு வழக்கமும் உண்டு. மூன்றாவது, கொடி எங்கே இருக்கிறது? 30 யார்டு ஆழமுள்ள கிரீனில் முன் கொடிக்கும் பின் கொடிக்கும் இடையே இரண்டு மூன்று கிளப் வித்தியாசம் வரும்.

பிறகுதான் காற்று. எதிர்க்காற்று மணிக்கு ஒரு மைல் கூடினால் ஏறக்குறைய ஒரு விழுக்காடு தூரம் குறையும். பின்காற்றில் கிடைக்கும் லாபம் அதில் பாதிதான். 150 யார்டு அடிக்கு 15 மைல் எதிர்க்காற்று வீசினால் 172 யார்டு அடிக்கும் கிளப்பை எடுக்க வேண்டும். பலர் இங்கே பழைய கிளப்பையே எடுத்து ஓங்கி அடிக்கிறார்கள். வேகம் கூடினால் பின்சுழல் கூடும், பந்து மேலே எழும்பி நின்று, காற்றில் இன்னும் பின்னுக்கு வரும். இரண்டு கிளப் பெரிதாக எடுத்து, பிடியைச் சற்றுக் கீழே இறக்கி, முக்கால் சுழற்சியில் மெதுவாக அடித்தால் பந்து தாழ்வாகப் போகும். மலைப்பகுதி மைதானத்தில் கதை தலைகீழ். 5,000 அடி உயரத்தில் அடர்த்தி குறைந்த காற்றில் பந்து 6 முதல் 10 விழுக்காடு கூடுதலாகப் பறக்கும்.

லேசர் கருவி வைத்திருந்தால் கொடியை மட்டும் அளக்காதீர்கள். புது இடத்தில் தாண்ட வேண்டிய பங்கரின் மறுகரை எவ்வளவு தூரம் என்பதே முக்கியம். கொடிக்குப் பின்னால் மரம் இருந்தால் கருவி மரத்தின் தூரத்தைக் காட்டிவிடும். மூன்று தடவை அளந்து சின்ன எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சாய்வைக் கணக்கிடும் வசதியைப் போட்டியில் அணைத்து வைக்க வேண்டும்.

கே: ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸில் ஒரு முறை ஆடிவிட வேண்டும் என்பது ஆசை. வெளியாட்களுக்கு இடம் கிடைக்குமா? போவதற்கு முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ப: கிடைக்கும். அது பொது மைதானம். முன்பதிவு கிடைக்காதவர்களுக்குக் குலுக்கல் உண்டு. ஆட நினைக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, மதியம் 2 மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும்; இரண்டு முதல் நான்கு பேர் வரை ஒரு குழுவாகச் சேரலாம். தனி ஆளுக்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். ஹேண்டிகேப் சான்றைக் கையில் வைத்திருங்கள். ஞாயிற்றுக்கிழமை பொதுவாக ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் நடக்கும் பூங்காவாகிவிடும். ஒரே ஒரு நாளை நம்பிப் போகாமல் மூன்று நான்கு நாள் தங்குவதாகத் திட்டமிட்டால் குலுக்கலில் வாய்ப்பு கூடும்.

இனி ஆட்டம். முதல் குழியின் ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் இடையே வெட்டிய புல்வெளி) 18-ஆம் குழியோடு சேர்ந்தது, அகலத்துக்குக் குறைவில்லை. ஆனால் வலப்பக்கம் எல்லைக்கு வெளியே. இடப்பக்கம் பார்த்து அடியுங்கள். ஸ்வில்கன் ஓடை கிரீனின் முன் விளிம்பை ஒட்டியே ஓடுகிறது, எனவே இரண்டாவது அடிக்கு ஒரு கிளப் கூடுதலாக எடுப்பதே பாதுகாப்பு. "சந்தேகம் வந்தால் இடது" என்ற விதி அனேகமாக 18 குழிகளுக்கும் பொருந்தும். 112 பங்கர்களில் பல டீயிலிருந்து கண்ணுக்கே தெரியாது. நல்ல அடி என்று நினைத்து நடந்துபோனால் பந்து பள்ளத்துக்குள் கிடக்கும். கேடி (பையைச் சுமந்து வழிகாட்டும் உதவியாளர்) வைத்துக்கொள்ளத் தயங்குபவர்களும் இங்கே வைத்துக்கொள்ளலாம்.

ஏழு கிரீன்கள் இரட்டைக் கிரீன்கள். பகிர்ந்துகொள்ளும் குழிகளின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும்: 2-உம் 16-உம், 3-உம் 15-உம் என்று 8-உம் 10-உம் வரை. 1, 9, 17, 18 மட்டும் தனி. போகும் ஒன்பதுக்கு வெள்ளைக் கொடி, திரும்பும் ஒன்பதுக்குச் சிவப்பு. 18 மட்டும் விலக்கு. தப்பான கொடியைப் பார்த்து அடித்தால் 50 யார்டு புட் (கிரீனில் உருட்டும் அடி) காத்திருக்கும். 11-ஆம் குழியின் டீ அடி 7-ஆம் குழியின் ஃபேர்வேயைக் குறுக்கே தாண்டுகிறது. அங்கே நின்று பார்த்து அடியுங்கள்.

17-ஆம் குழிதான் பலருடைய கார்டையும் கெடுப்பது. டீ அடி, பழைய ரயில் கொட்டகையின் வடிவில் கட்டிய கட்டடத்தின் மூலைக்கு மேலே போக வேண்டும். கிரீனின் முன் இடப்பக்கம் ரோடு பங்கர், பின்னால் சாலை. அந்தச் சாலை மைதானத்தின் பகுதியே. பந்து அதில் நின்றால் இலவச விலக்கு (அபராதமின்றிப் பந்தை நகர்த்துவது) கிடையாது, நின்ற இடத்திலிருந்து ஆட வேண்டும். இரண்டாவது அடியில் கிரீனைக் குறிவைக்காமல் முன் வலப்பக்கத்தில் நிறுத்தி, அங்கிருந்து புட்டரால் மேலே உருட்டுங்கள். பார் தப்பினாலும் 5-இல் முடியும். வீரம் காட்டினால் 8.

ஒரு கோல்ஃப் ஆட்டத்துக்கு ஏன் 18 குழிகள் என்று கேட்பவர்களுக்கும் பதில் இதே மண்ணில்தான் இருக்கிறது. 1764-இல் இங்கே 22 குழிகளை 18 ஆகக் குறைத்தார்கள், மற்றவர்களும் பின்னாளில் அதையே பின்பற்றினார்கள்.

கே: கடலோர மைதானங்களில் கிணறு மாதிரி ஆழமான பங்கர்கள் இருக்கின்றனவே, அவற்றிலிருந்து எப்படி வெளியே வருவது?

ப: கொடியை மறந்துவிடுங்கள். சுவர் உங்கள் இடுப்புக்கு மேல் இருந்து, பந்து அதற்கு ஒரு மீட்டருக்குள் கிடந்தால் முன்பக்கம் அடிப்பது வீண். பக்கவாட்டில், தேவைப்பட்டால் பின்பக்கம், சுவர் தாழ்வாக உள்ள திசையில் வெளியே எடுங்கள். முன்னே போகத்தான் வேண்டும் என்றால் சாண்ட் வெட்ஜின் (மணலுக்கான கிளப்) முகத்தை நன்றாகத் திறந்து, பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலில் இறக்கி, சுழற்சியை முடிக்க வேண்டும். மணல் மெல்லிய படலமாக இருந்தால் வெட்ஜின் அடிப்பகுதி தரையில் பட்டுத் துள்ளி, பந்தின் தலையில் அடிக்கும். அதனால் முதலில் காலால் மணலின் ஆழத்தை உணருங்கள். கையாலோ கிளப்பாலோ சோதித்துப் பார்த்தால் அபராதம்.

வழியே இல்லையென்றால் ஆட முடியாத பந்து என்று அறிவிக்கலாம். ஓர் அடி அபராதத்தில் முன்பு அடித்த இடத்துக்கே போகலாம், அல்லது பங்கருக்குள்ளேயே இரண்டு கிளப் நீளத்துக்குள்ளோ, கொடிக்கும் பந்துக்கும் நேர்கோட்டில் பின்னாலோ போடலாம். இரண்டு அடி அபராதத்தில் அதே நேர்கோட்டில் பங்கருக்கு வெளியே போடலாம். இந்தக் கடைசி வசதி 2019 விதிகளில் வந்தது. உள்ளே நின்று நான்கைந்து தடவை மணலை வாரி இறைப்பதைவிட இரண்டு அடி மலிவு.

கே: கிரீனில்தான் தடுமாறுகிறேன். முதல் ஆறு குழிகளில் எல்லாமே மூன்று புட்.

ப: டிரைவிங் ரேஞ்சில் (நீண்ட அடிகளைப் பழகும் இடம்) செலவிடும் நேரத்தில் 15 நிமிடத்தைப் பயிற்சிக் கிரீனுக்கு மாற்றுங்கள். குழியைப் பார்க்காமல் மூன்று பந்துகளை 30 அடி தூரத்துக்கு உருட்டுங்கள், மேட்டில் ஒரு முறை, சரிவில் ஒரு முறை. கை பழகவேண்டியது வேகத்துக்கு. திசை பிறகு வரும்.

பெர்முடா புல் என்றால் புல் சாய்ந்திருக்கும் திசையும் சேர்ந்துகொள்ளும். பந்துக்கும் குழிக்கும் இடையே பளபளப்பாகத் தெரிந்தால் புல் உங்களைவிட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது, பந்து ஓடும். கறுத்துத் தெரிந்தால் எதிர்த்து நிற்கிறது, நின்றுவிடும். பார்வையால் தெரியவில்லையென்றால் குழியின் விளிம்பைப் பாருங்கள்; ஒரு பக்கம் பிய்ந்து பிசிறாக இருக்கும். புல் வளர்வது அந்தப் பக்கம் நோக்கித்தான்.

டொனால்ட் ராஸ் வடிவமைத்த, அமெரிக்காவின் பைன்ஹர்ஸ்ட் 2-ஆம் எண் மைதானம் வேறு வகைச் சோதனை. கவிழ்த்து வைத்த தட்டு மாதிரி கிரீன்கள், எல்லாப் பக்கமும் வெளியே சரிகின்றன. விளிம்பில் விழுந்த பந்து கிரீனில் தங்காது. அங்கே கொடி எங்கிருந்தாலும் நடுவுக்கு அடியுங்கள். உருண்டு கீழே போய்விட்டால் வெட்ஜால் தூக்காமல் புட்டரால் மேலே ஏற்றுங்கள். மோசமான புட்கூட நடுத்தரமான சிப்பைவிட (கிரீனுக்கு வெளியிலிருந்து சற்றுத் தூக்கும் அடி) அருகில் நிற்கும்.

கே: பணம் கட்டி அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தில் ஆட முடியுமா?

ப: முடியாது. உறுப்பினர் யாராவது விருந்தினராக அழைத்தால்தான் உண்டு. அதே நாட்டின் பைன் வேலி மைதானமும் அப்படியே.

கே: கலிபோர்னியாவின் பெபிள் பீச் மைதானத்தில் 7-ஆம் குழி 110 யார்டுகூட இல்லை. அதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?

ப: கார்டில் ஏறக்குறைய 106 யார்டு. கீழ்நோக்கி, கடலுக்குள் நீட்டிய முனையில், சுற்றிலும் பங்கர்களுக்கு நடுவே சின்னஞ்சிறு கிரீன். அமைதியான காலையில் சாண்ட் வெட்ஜ் போதும். எதிர்க்காற்று சீறினால் நடுத்தர அயர்னைத் தாழ்வாகக் குத்த வேண்டியிருக்கும். மேலே தூக்கும் அடி காற்றோடு போய்விடும். முதல் தடவை வருபவர்களில் பலர் இந்தக் குழியில் படம் எடுத்துக்கொண்டே நின்றுவிட்டு, அடுத்த 8-ஆம் குழியில் தடுமாறுகிறார்கள். அங்கே டீ அடி மேட்டுக்கு மேலே கண்ணில் படாத இடத்துக்கு. நீளமாக அடித்தால் பந்து செங்குத்துப் பாறை தாண்டிக் கடலில். ட்ரைவரைப் பையிலேயே வையுங்கள். எங்களைக் கேட்டால், நினைவில் நிற்க வேண்டியது 8-இன் இரண்டாவது அடி: பிளவைத் தாண்டி எதிர்ப்பாறையில் உள்ள கிரீனுக்கு.

கே: கிரீனே தெரியாத குழிகளில் எதைக் குறிவைப்பது?

ப: மேட்டின் மேல் கம்பமோ கல்லோ இருக்கும். அயர்லாந்தின் லஹின்ச் மைதானத்தில் டெல் என்னும் 5-ஆம் குழியில், மேட்டில் வைத்த வெள்ளைக் கல் அன்றைய கொடியின் நேரைக் காட்டும். ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில் 5-ஆம் குழியும் அப்படி மேட்டுக்குப் பின்னால் ஒளிந்ததே. மணி இருந்தால் கிரீனைவிட்டு இறங்கியதும் அடிக்க மறக்காதீர்கள். பின்னால் வருபவர்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள். இத்தகைய இடத்தில் சந்தேகமிருந்தால் தற்காலிகப் பந்தை (முதல் பந்து கிடைக்காவிட்டால் ஆடுவதற்கு) உடனே அடித்துவிடுங்கள், ஏனெனில் தேட மூன்று நிமிடம்தான்.

கே: ஜப்பானில் ஒரு குழிக்கு இரண்டு கிரீன் இருக்கிறதாமே? தவறான கிரீனில் பந்து நின்றால்?

ப: பல மைதானங்களில் உண்டு, இருவகைப் புல்லுக்காக. அங்கிருந்து அடிக்கக் கூடாது. அபராதமில்லாமல் அருகிலுள்ள விலக்கு இடத்திலிருந்து ஒரு கிளப் நீளத்துக்குள், கொடியை நெருங்காமல் போட வேண்டும்.

கே: அமெரிக்காவின் பாண்டன் டூன்ஸில் கார்ட் (ஆட்டக்காரர்களை ஏற்றிச்செல்லும் சிறு வண்டி) கிடையாது என்கிறார்கள். நடந்து சமாளிக்க முடியுமா?

ப: முடியும், பையைக் குறைத்தால். 18 குழிகளுக்குப் பத்து கிலோமீட்டரை ஒட்டி நடக்க வேண்டியிருக்கும், மணல்மேடுகளில் ஏற்ற இறக்கத்தோடு. 14 கிளப்புக்குப் பதில் 10 போதும்: ட்ரைவர், ஒரு ஃபேர்வே வுட், ஒரு ஹைப்ரிட், 5, 7, 9 அயர்ன்கள், மூன்று வெட்ஜ், புட்டர். பந்து ஆறேழு. மழை மேல்சட்டையையும் உலர்ந்த இரண்டாவது கையுறையையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். புதுக் காலணியை அன்று முதல் முறையாகப் போட வேண்டாம். 12-ஆம் குழிக்குள் குதிகால் உரிந்துவிடும்.