அழுக்கு பூசும் கலை

கேள்வி: அமெரிக்காவின் மாதிரி ரயில் மன்றத்தினர், புத்தம் புதிய சரக்குப் பெட்டிகளை வேண்டுமென்றே அழுக்காக்குகிறார்களாமே, ஏன்?

பதில்: வெயிலும் மழையும் பல ஆண்டுகளில் செய்யும் வேலையை அவர்கள் ஒரு மாலைப்பொழுதில் செய்து முடிக்கிறார்கள். அங்கே பரவலான எச்.ஓ. அளவில் எல்லாம் 87-இல் ஒரு பங்காகச் சுருங்குவதால், நாற்பதடிப் பெட்டி ஏறத்தாழ 14 செ.மீ. நீளமே இருக்கும், அதன்மேல் பளபளக்கும் வண்ணம் அதைப் பொம்மையாகவே காட்டும். எனவே, பளபளப்பற்ற பூச்சைத் தெளித்து, நீர்த்த கரும்பழுப்பு வண்ணத்தை இடுக்குகளில் ஓடவிட்டு, உலர்ந்தபின் துருநிறப் பொடியை மென்தூரிகையால் மேலிருந்து கீழாக, மழைநீர் வழியும் திசையிலேயே தேய்க்கிறார்கள். சக்கரத்தின் பக்கங்களுக்கும் துருநிறம் உண்டு; உருளும் பரப்பை மட்டும் தொடமாட்டார்கள், ஏனெனில் அங்கே ஒட்டும் அழுக்கு தண்டவாளத்தில் பரவி, எஞ்சினுக்குச் செல்லும் மின்சாரத்தைத் தடுக்கும்.

என் கணிப்பில், துருவைவிடக் கடினமானது காலப் பொருத்தம். அங்கே 1966-ஆம் ஆண்டுக்குப் பின் கட்டப்பட்ட மூடுபெட்டிகளில் கூரை நடைபலகை கிடையாது. 1970-களில் கட்டப்பட்டதாகக் குறிக்கப்பட்ட மாதிரியில் அந்தப் பலகை இருந்தால், துரு எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும், மூத்த உறுப்பினர் எவரேனும் சுட்டிக்காட்டாமல் விடமாட்டார்.