ஜெர்மனியில் ஆற்றங்கரை ஊர்: எங்கே தங்கலாம்?

ஜெர்மனிப் பயணம் பற்றி வந்த கேள்விகளில், ஆற்றங்கரையில் இரண்டு மூன்று இரவு தங்க ஊர் கேட்டவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்குகிறோம். மூன்று இரவு ரைன் கரையில் தங்க ஆசை. ரூடஸ்ஹைமா, பாஹராக்கா? படத்தில் இரண்டுமே அழகாக இருக்கின்றன. (சென்னை வாசகி)

படத்தை மூடிவிட்டு வரைபடத்தைத் திறங்கள். பிங்கன், ரூடஸ்ஹைம் தொடங்கி கோப்ளென்ஸ் வரை சுமார் 65 கி.மீ. தூரம் ரைன் ஒரு குறுகலான பள்ளத்தாக்கில் ஓடுகிறது. 2002-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதி இது. அந்தக் குறுகலுக்குள்ளேயே இரு கரையிலும் நெடுஞ்சாலை, இரு கரையிலும் ரயில் பாதை. வலக்கரையில் சரக்கு ரயில்கள் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடும். ‘ஆறு தெரியும் அறை’ என்று கூடுதலாகக் காசு வாங்கும் அறை, பல ஊர்களில் தண்டவாளம் தெரியும் அறையும்தான். ரூடஸ்ஹைமில் ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே ரயில் போகிறது. பாஹராக்கிலும் அப்படியே. அங்கே பழைய கோட்டை மதில்மேல் நடந்தால், கைக்கெட்டும் தூரத்தில் ரயில் தடதடத்துப் போகும். பகலில் வேடிக்கை, விடிகாலை மூன்று மணிக்கு வேடிக்கை இல்லை.

இதற்காகப் பாஹராக்கை ஒதுக்க வேண்டியதில்லை. 1368-ஐச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் மரச்சட்ட வீடு ஒன்று இன்னும் அங்கே உணவகமாக இருக்கிறது, சந்துகளும் அழகு. தங்குவதென்றால் ஆற்றைப் பார்த்த வரிசையை விட்டு உள்தெருவில், பின்பக்க அறையாகக் கேளுங்கள். மேலே இருக்கும் ஷ்டாலெக் கோட்டை இப்போது இளைஞர் விடுதி. கோட்டையில் தூங்கும் ஆசைக்குச் செலவு குறைவான வழி அது. ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவது உங்கள் பாடு.

நான் சொல்லும் ஊர் பொப்பார்ட். அங்கே ரயில் பாதை ஊருக்குப் பின்பக்கமாகப் போகிறது. அதனால் ஆற்றோர நடைபாதைக்கும் தண்ணீருக்கும் நடுவே தண்டவாளம் குறுக்கிடாது. மைன்ஸிலிருந்து கோப்ளென்ஸ் போகும் சாதாரண ரயில் நிற்கும். கம்பிவடத்தில் தொங்கும் நாற்காலியில் மேலே போனால், ரைன் பெரிதாக வளைந்து திரும்புவது ஒரே பார்வையில் தெரியும்.

இன்னும் இரண்டு விஷயம். மைன்ஸுக்கும் கோப்ளென்ஸுக்கும் நடுவே ரைனுக்குப் பாலமே கிடையாது. ஆங்காங்கே வண்டி ஏற்றும் படகுதான். எதிர்க்கரையில் இரவுச் சாப்பாடு வைத்துக்கொண்டால் கடைசிப் படகு எப்போது என்று முதலில் பாருங்கள். அடுத்தது, சுற்றுலாப் படகு எதிர்நீரில் ஊர்ந்து போகும், நீரோட்டத்தோடு வந்தால் வேகமாக வரும். ஆகவே காலையில் பிங்கனுக்கு ரயிலில் போய்விட்டுப் படகில் பொப்பார்ட்டுக்கு இறங்கி வாருங்கள். கௌப் ஊருக்கு எதிரே ஆற்றின் நடுவில் நிற்கும் சுங்கக் கோட்டையும், 132 மீட்டர் உயர லோரலை பாறையும் அந்த வழியில்தான் வருகின்றன. இதைத் திருப்பிச் செய்கிறவர்கள்தான் ‘படகு ரொம்ப இழுத்துவிட்டது’ என்று எழுதுகிறார்கள்.

அப்பாவுக்கு 72 வயது, அம்மாவுக்கு முழங்கால் வலி. மோசல் கரையில் கோகெம் நல்லதா, பைல்ஸ்டைனா? கார் ஓட்ட மாட்டேன். (மியூனிக்கில் பணிபுரியும் வாசகர்)

பைல்ஸ்டைன் ஒரு கைப்பிடி ஊர். ரயில் கிடையாது, பார்க்க வேண்டியதெல்லாம் படிக்கட்டில். கோகெமிலிருந்து படகில் போய், ஆற்றங்கரையில் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பினால் போதும். கோகெமுக்கு கோப்ளென்ஸ்–டிரியர் ரயில் உண்டு, வசதிக்குக் குறைவில்லை. கோடையில் கூட்டத்துக்கும் குறைவில்லை. மேலே தெரியும் கோட்டையை 1689-இல் பிரெஞ்சுப் படை தகர்த்தது. இப்போது இருப்பது 19-ஆம் நூற்றாண்டில் பெர்லின் வணிகர் ஒருவர் தன் ஆசைக்கு எழுப்பியது. கல் பாவிய ஏற்றம் அது. அம்மாவை அதில் நடத்திக் கூட்டிப் போக வேண்டாம்.

உங்களுக்கு டிராபன்-டிரார்பாக் சரியாக வரும். புல்லாய் நிலையத்தில் இறங்கி மாறினால் சின்ன ரயில் ஒன்று ஆற்றின் ஓரமாகவே கொண்டுபோய் விடும். இரண்டு கரையில் இரண்டு பாதி ஊர், நடுவில் பாலம். நிலையம் டிராபன் பக்கம் இருக்கிறது, அங்கேயே தங்குங்கள்; கரையோரம் சமதளம், உட்கார பெஞ்ச் தாராளம். ஒயின் வணிகத்தில் காசு புரண்ட காலத்தில் புருனோ மோரிங் என்ற கட்டடக்கலைஞரை அழைத்துப் பாலத்துக்கு 1899-இல் கோபுரவாசல் கட்டியிருக்கிறார்கள். அவர் கட்டிய பழைய ஒயின் மாளிகை ஒன்றில் இப்போது புத்தர் சிலைகளுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. மழை நாளில் பெரியவர்களோடு போக நல்ல இடம்.

எந்த ஊரில் அறை எடுத்தாலும் மின்தூக்கி இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். பழைய மரச்சட்டக் கட்டடங்களில் பெரும்பாலும் இருக்காது. மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும்.

நாங்கள் சைவம். சின்ன ஊரில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? (பல வாசகர்கள்)

பட்டினி கிடக்க மாட்டீர்கள், ஆனால் தட்டு சலித்துவிடும். சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லே என்ற நூடுல்ஸ் எங்கும் கிடைக்கும். அதில் முட்டை உண்டு. ஃபிளாம்கூகன் என்ற மெல்லிய ரொட்டியில் பன்றி இறைச்சித் துண்டு தூவுவது வழக்கம், ‘ஓனே ஷ்பெக்’ என்று சொன்னால் இல்லாமல் தருவார்கள். இலையுதிர் காலத்தில் புது ஒயினோடு வரும் வெங்காயக் கேக்கிலும், உருளைக்கிழங்கு சூப்பிலும் இறைச்சி ஒளிந்திருக்கும், கேட்காமல் வாங்காதீர்கள். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் 24 வரை வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டு (அஸ்பாரகஸ்) பருவம். ஊரே அதைத்தான் சாப்பிடும், உங்களுக்கும் கொண்டாட்டம். மேலே ஊற்றும் ஹொலாண்டேஸ் குழம்பு முட்டைக்கருவில் செய்தது. வேண்டாமென்றால் உருக்கிய வெண்ணெய் கேளுங்கள்.

ஒயின் ஊர்களில் வாசலில் இலைக்கொத்தோ துடைப்பமோ தொங்கும் வீடுகளைக் கவனியுங்கள். விவசாயியே தன் வீட்டில் நடத்தும் தற்காலிகக் கடை அது. வருடத்தில் அதிகபட்சம் நான்கு மாதம், 40 இருக்கை என்று வரம்பு உண்டு. ஒயின் குடிக்காதவர்களுக்குத் திராட்சைச் சாறு இருக்கும், கூடவே ரொட்டியும் சீஸும். பெரிய உணவகத்தைவிட இங்கே பேச்சுத்துணை கிடைக்கும்.

மூன்று இரவுக்கு மேல் என்றால் சமையலறையோடு கூடிய விடுமுறை வீடு எடுத்துவிடுங்கள். ஒரு குக்கர் சாதம் செய்யும் ஆறுதலை எந்த உணவகமும் தராது. கோடையில் இரண்டு இரவுக்கு மட்டும் என்றால் பல வீட்டுக்காரர்கள் தர மாட்டார்கள். கடைசியில் சுத்தம் செய்ய ஒரு தொகை தனியாகச் சேரும், அதையும் கூட்டிப் பாருங்கள். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். பாலும் தயிரும் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். உணவகங்களுக்கும் வார ஓய்வு நாள் உண்டு, பெரும்பாலும் திங்களோ செவ்வாயோ. சின்ன ஊரில் எல்லாரும் ஒரே நாளில் மூடிவிட்டால் பேக்கரியே கதி.

டிரெஸ்டனில் மாநாடு முடிந்ததும் இரண்டு நாள் இருக்கிறது. எல்பே கரையில் எங்கே?

ராட்டன். டிரெஸ்டனிலிருந்து எஸ்1 ரயில் எல்பே ஓரமாகவே போகும். நிலையம் ஒரு கரை, ஊர் மறுகரை. நடுவில் ஒரு படகு ஓடுகிறது, அதற்கு இன்ஜின் கிடையாது. ஆற்றின் மேற்பக்கத்தில் நங்கூரமிட்ட நீண்ட கம்பிவடத்தில் கட்டியிருக்கிறார்கள். படகோட்டி படகைச் சற்றுச் சாய்வாகத் திருப்பினால் நீரோட்டமே அதை அக்கரைக்குத் தள்ளிவிடும். மறுபக்கம் திருப்பினால் திரும்பி வரும். இதைப் பார்க்கவே நான் பலரை அங்கே அனுப்பியிருக்கிறேன். ஊரிலிருந்து படியேறினால் பாஸ்டை பாறைப் பாலம். தற்போதைய கல் பாலம் 1851-இல் கட்டியது. பகல் கூட்டம் வருமுன், விடிந்ததும் ஏறிவிடுங்கள். அங்கேயே தங்குவதில் உள்ள லாபமே அதுதான்.

மலை ஏற விருப்பமில்லை என்றால், அதே எஸ்1 ரயிலில் எதிர்த்திசையில் மைசன் போங்கள். 1710 முதல் பீங்கான் செய்யும் ஊர்.

ஹைடெல்பர்க்கில் படிக்கிறேன். ஜெர்மனி டிக்கெட் இருக்கிறது, பணம் இல்லை.

எஸ்-பான் என்ற உள்ளூர் ரயில் ஏறி, நெக்கார் ஆற்றங்கரை நெக்கார்ஸ்டைனாக் போங்கள், நான்கு கோட்டைகளும் ஒரே நடையில். அப்புறம் ஹிர்ஷ்ஹார்ன், எபர்பாக். அறை எடுக்கவே தேவையில்லை, இரவு உங்கள் விடுதிக்கே திரும்பலாம். ஊரிலிருந்து யாராவது வந்தால் அவர்களுக்கும் அந்த டிக்கெட் (நாடு முழுவதும் உள்ளூர், வட்டார ரயில்களில் செல்லும் மாதச் சீட்டு) வாங்கலாம்: 2026 ஜனவரியிலிருந்து மாதத்துக்கு 63 யூரோ. ஆனால் அது சந்தா. அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பணம் போகும். விரைவு ரயில்களில் செல்லாது.

ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு வருகிறோம். பக்கத்தில் ஆற்றங்கரை ஊர் ஏதும் உண்டா? (யாழ்ப்பாணம்)

ரயிலில் பாடர்போர்ன் வழியாக வேசர் ஆற்றங்கரை ஹொக்ஸ்டர் போய்வரலாம். 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கொர்வை மடாலயம் ஊரை ஒட்டியே இருக்கிறது. தேர் நாளில் மட்டும் வேறு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஐரோப்பா முழுவதிலுமிருந்து சனம் வரும்.

எந்த மாதம் நல்லது? வெள்ளம் வரும் என்கிறார்களே?

மே, ஜூன், செப்டம்பர். ரைன், மோசல் பக்கம் வெள்ளம் பெரும்பாலும் குளிர்காலத்து விஷயம். தெற்கே டான்யூப் அப்படியில்லை: பாசாவில் 2013 ஜூனில் தண்ணீர் 12.89 மீட்டர் வரை ஏறியது. பழைய ஊர்களில் சுவரில் வருடத்தோடு கோடு போட்டிருப்பார்கள். உங்கள் விடுதி வாசலில் அந்தக் கோடு தலைக்கு மேலே இருந்தால் பயப்பட வேண்டாம்; பிப்ரவரியில் தரைத்தள அறை மட்டும் வேண்டாம்.

இப்போது அதிகம் தொல்லை தருவது தண்ணீர் குறைவதுதான். கௌப்பில் ரைனின் நீர்மட்டம் காட்டும் அளவுகோல் 2018 அக்டோபரில் 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. ஆற்றின் ஆழமே அவ்வளவுதான் என்று அர்த்தமில்லை. கப்பல் செல்லும் தடத்தில் அதைவிட ஒரு மீட்டருக்கு மேல் ஆழம் இருக்கும். ஆனாலும் சரக்குக் கப்பல்கள் பாரம் குறைத்துத்தான் போக வேண்டிவந்தது. எல்பேயில் வறண்ட கோடையில் துடுப்புச்சக்கர நீராவிக் கப்பல்கள் நின்றுவிடும். ஆகஸ்டில் போகிறவர்கள் படகுச் சீட்டை முன்கூட்டி வாங்காமல், முந்தைய நாள் விசாரித்து வாங்குங்கள்.

நவம்பர் முதல் ஈஸ்டர் வரை படகுகள் மிகக் குறைவு, ஜனவரி பிப்ரவரியில் விடுதிகளே பல மூடியிருக்கும். குளிர்காலத்தில்தான் விடுப்பு கிடைக்கும் என்றால் டிசம்பரில் டிராபன்-டிரார்பாக் போங்கள். கிறிஸ்துமஸ் சந்தையைப் பழைய ஒயின் நிலவறைகளுக்குள் நடத்துகிறார்கள். வெளியே மழை பெய்தாலும் கவலையில்லை.